‘டக்’ என்ற சத்தம் வந்தால் போதுமா? செகண்ட் ஹேண்ட் டார்க் ரெஞ்சும் ஒரு வாசகரின் கவலையும்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. சொந்தக் காரின் சின்னச் சின்ன வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறவர். சில மாதங்களுக்கு முன் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினார். நட், போல்ட்டைக் குறித்த முறுக்கு விசைக்கு இறுக்க உதவும் கருவி அது. அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), வைத்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும் வகை, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வரை அளவு. “காலிபிரேஷன் செய்தது, சான்றிதழும் பெட்டியில் இருக்கிறது” என்று விற்றவர் எழுத்திலேயே சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது ரெஞ்ச் 160-இல் வைத்தபடியே கிடந்தது. சான்றிதழ் மூன்று வருடப் பழசு. அதிலிருந்த சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் ரெஞ்சில் இருப்பதோடு பொருந்தவில்லை.

முதலில் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் 110-இல் வைத்து இறுக்கினார். சிக்கல் எதுவும் தெரியவில்லை. அடுத்து ஸ்பார்க் பிளக். 25 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்பதால் கைப்பிடியை 40-க்கும் கீழே, குத்துமதிப்பாகத் திருகி வைத்தார். சத்தமே கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தார், சிலிண்டர் ஹெட்டில் மரை போய்விட்டது. இப்போது வீல் நட்டுகளை நினைத்தாலும் பயமாக இருக்கிறது என்கிறார். அவர் கேட்பவை: காலிபிரேஷன் கட்டணம் கிட்டத்தட்ட ரெஞ்ச் வாங்கிய விலைக்கே வரும்போல, செய்யத்தான் வேண்டுமா? கைப்பிடிக்குள் இருக்கும் திருகைத் திருப்பி நானே சரிசெய்துகொள்ளலாமா? விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? “இதெல்லாம் எதுக்கு மாப்ளே, கைப்பக்குவம் போதும்” என்கிற மச்சானுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள வாசகருக்கு,

நான் முறுக்குக் கருவிகளை அளந்து சான்று கொடுக்கும் வேலையில் இருப்பவன். உங்கள் கடிதத்தைப் படித்ததும், பிளக் மரை போனதற்கான பழியை முழுக்க அந்த ரெஞ்சின் தலையில் போட முடியாது என்றுதான் தோன்றியது. அதை முதலில் பேசிவிடுவோம். அது புரிந்தால் உங்கள் வீல் நட் பயமும் பாதி தெளிந்துவிடும்.

பிளக் மரை ஏன் போனது

உங்கள் ரெஞ்சுக்கு 40-க்குக் கீழே அளவு கிடையாது. அளவுகோல் 40-இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த வகை ரெஞ்சுகளை அவற்றின் உச்ச அளவில் 20, 60, 100 சதவீதம் என்ற மூன்று இடங்களில் சோதிப்பதுதான் வழக்கம். 200-இல் 20 சதவீதம் என்றால் 40. அதற்குக் கீழே என்ன நடக்கும் என்று தயாரிப்பாளரே உத்தரவாதம் தருவதில்லை. அங்கே ஸ்பிரிங் கிட்டத்தட்ட தளர்ந்த நிலையில் இருக்கும். உள்ளே சின்னக் கட்டை ஒன்று புரண்டுதான் அந்தச் சத்தம் வர வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது சத்தமில்லாமல் நழுவிவிடும், கையில் ஒரு மெல்லிய அசைவு மட்டும்தான் தெரியும். அதைத் தவறவிட்டுவிட்டு இழுத்துக்கொண்டே போனால், சில டிகிரி வெற்றசைவுக்குப் பிறகு ரெஞ்ச் மறுபடி இறுகிப் பிடித்து, சாதாரண நீளக் கைப்பிடி ஸ்பேனராகிவிடும். அலுமினியத்தில் உள்ள பிளக் மரை அதைத் தாங்காது. பிளக் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவியிருந்தால் இன்னும் சீக்கிரமே போகும்.

ஆகவே இதே ரெஞ்ச் புத்தம் புதிதாக, அன்று காலைதான் காலிபிரேஷன் முடிந்து வந்திருந்தாலும் அந்த மரை போயிருக்கலாம். பிளக், ஆயில் டிரெய்ன் போல்ட் மாதிரி வேலைகளுக்குச் சின்ன அளவுக்கென்றே இருக்கும் 3/8 அங்குல டிரைவ் ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். மரை போன இடத்தில் நல்ல மெக்கானிக் ஒருவர் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகப் பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டுத் தந்தால் ஹெட்டை மாற்ற வேண்டியிருக்காது. அதை நீங்களே முயன்று பார்க்க வேண்டாம், துளை கோணலானால் பிறகு ஹெட்டைக் கழற்றும் நிலை வரும்.

வீல் நட்டுகளைப் பற்றி

இதை உடனே செய்யுங்கள். அளவு நம்பகமான வேறொரு டார்க் ரெஞ்ச் கடனாகக் கிடைக்குமா பாருங்கள், இல்லையென்றால் ஒரு பட்டறைக்குப் போங்கள். சக்கரம் சூடாக இல்லாதபோது ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று தளர்த்தி, கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். தளர்த்தாமல் மேலேயே வைத்து “டக் என்கிறது, சரியாகத்தான் இருக்கிறது” என்று முடிவு கட்டக் கூடாது. நட் அசையாமலேயே சத்தம் வந்தால், அது குறைந்தது அந்த அளவுக்காவது இறுகியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இரண்டு மடங்கு இறுகியிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். தளர்வாக இருப்பதை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், அளவுக்கு மீறி இறுகியதைக் காட்டாது.

ஒரு விஷயத்தையும் சரிபாருங்கள். இந்த அளவு ரெஞ்சுகள் பலவற்றில் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டரும் மறுபக்கம் அடி பவுண்டும் பொறித்திருக்கும். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய 30 முதல் 150 அடி பவுண்டு. அதாவது 110 என்ற எண் இரண்டு பக்கமும் இருக்கும். அடி பவுண்டுப் பக்கத்தில் 110 வைத்திருந்தால் நீங்கள் கொடுத்தது 149 நியூட்டன் மீட்டர். மோசமாகப் பழுதான ரெஞ்சுகூட அவ்வளவு பிசகுவது அபூர்வம். அப்படி நடந்திருந்தால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டின் (நட் ஏறும் தண்டு) மரையை உற்றுப் பாருங்கள். நட் கையால் சீராகச் சுழன்று போகாமல் நடுவில் எங்காவது பிடித்தால் அந்த ஸ்டட் நீண்டிருக்க வாய்ப்புண்டு, மாற்றிவிடுங்கள்.

சான்றிதழ், பிராண்ட், ‘டக்’ சத்தம்: மூன்றையும் பற்றிய தவறான நம்பிக்கைகள்

சீரியல் நம்பர் பொருந்தாத சான்றிதழ் வேறொரு ரெஞ்சின் சான்றிதழ். அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. விற்றவர் ஏமாற்றினார் என்று உடனே முடிவுக்கு வர வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு ரெஞ்ச் வைத்திருந்தவர் பெட்டியை மாற்றிப் போட்டிருக்கலாம். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. சரியான தாளை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தாலும்கூட அது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு நாளின் நிலையைத்தான் சொல்லும். அதன்பின் ரெஞ்ச் கீழே விழுந்ததா, துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தினார்களா என்பது தாளுக்குத் தெரியாது.

கையால் இயக்கும் முறுக்குக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 என்ற சர்வதேசத் தரநிலை, பயன்படுத்துபவர் தனக்கென்று வேறு ஒழுங்கு வைத்துக்கொள்ளாவிட்டால் 12 மாதம் அல்லது 5000 முறை, எது முதலில் வருகிறதோ அதற்குள் மறுபடி காலிபிரேஷன் செய்யச் சொல்கிறது. உச்ச அளவின் 125 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றியிருந்தாலோ பழுது பார்த்திருந்தாலோ அதற்கும் முன்பே செய்ய வேண்டும். உங்கள் ரெஞ்சில் யாராவது 250-ஐத் தாண்டி இழுத்திருந்தால் பழைய தாளெல்லாம் செல்லாது. இன்னொருவர் பயன்படுத்திய ரெஞ்சில் அப்படி நடக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

காலிபிரேஷன் என்றால் சரிசெய்வது என்றே பலரும் நினைக்கிறார்கள், உங்கள் கடிதத்திலும் அந்த எண்ணம் தெரிகிறது. காலிபிரேஷன் என்பது அளந்து எழுதிக் கொடுப்பது மட்டுமே. 100 என்று வைத்தால் உண்மையில் எவ்வளவு வருகிறது, அந்த அளவீட்டில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்பதைச் சொல்லும். அதைத் திருகிச் சரிக்குக் கொண்டுவருவது தனி வேலை, பல இடங்களில் தனிக் கட்டணம். காலிபிரேஷன் முடிந்தும் ஒரு ரெஞ்ச் தவறாகவே இருக்கலாம், எவ்வளவு தவறு என்பது அப்போது எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? உங்களுடையது போன்ற, 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட, அளவு வைத்துக்கொள்ளும் ரெஞ்சுக்கு அந்தத் தரநிலை ±4 சதவீதம் அனுமதிக்கிறது. 110-இல் அது ஏறக்குறைய 106-இலிருந்து 114 வரை. பெரிய பிராண்டோ சின்ன பிராண்டோ, எல்லை ஒன்றுதான்.

160-இல் விட்டு வைத்திருந்தது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாதக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்த ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்துபோகும். அப்படித் தளர்ந்தால் வைத்த அளவைவிடக் குறைவான விசையிலேயே ‘டக்’ என்றுவிடும். அதாவது உங்கள் வீல் நட்டுகள் அந்தக் காரணத்தால் பிசகியிருந்தால், அதிகம் இறுகியிருக்காது, குறைவாக இறுகியிருக்கும். உள்ளே கிரீஸ் காய்ந்தோ துரு ஏறியோ இருந்தால் கதை வேறு. முதல் சில இழுப்புகள் அதிக அளவில் வரும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். நெடுநாள் சும்மா கிடந்த எந்த ரெஞ்சையும் எடுத்தவுடன் நம்பக் கூடாது. சோதனைக் கூடத்திலேயே அளக்கத் தொடங்குமுன் உச்ச அளவில் ஐந்து தடவை இழுத்து விட்டுத்தான் முதல் அளவை எழுதுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை

வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். சான்றிதழுக்கு ஈடாகாது, ஆனால் காலிபிரேஷனுக்கு அனுப்புவது வீண்செலவா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். வேண்டியவை: அசையாத மேசையில் பொருத்திய நல்ல வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), தடித்த போல்ட் ஒன்று, அதற்கேற்ற சாக்கெட், வாளி, கயிறு, தராசு, அளவு நாடா.

போல்ட்டைப் படுக்கைவாட்டில் வைஸில் இறுக்கி, அறுகோணத் தலை உங்களைப் பார்த்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். சாக்கெட்டோடு ரெஞ்சை அதில் மாட்டி, கைப்பிடி உங்கள் வலப்பக்கம் தரைக்கு இணையாக நீளட்டும். வலப்பக்கம் என்பது முக்கியம். அங்கே கீழ்நோக்கி இழுத்தால்தான் இறுக்கும் திசை. பெரும்பாலான ரெஞ்சுகள் அந்த ஒரு திசையில்தான் அளக்கும். கைப்பிடியின் பிடி நடுவில் கயிற்றைக் கட்டி வாளியைத் தொங்கவிடுங்கள். அங்கே ஒரு கோடோ புள்ளியோ பொறித்திருந்தால் சரியாக அதன் மேல். வாளிக்குக் கீழே பழைய டயர் ஒன்றைப் போட்டுவிடுங்கள், கயிறு நழுவினால் காலில் விழக் கூடாது.

அளவை 60-இல் வைத்து, வாளியில் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். கடைசியில் டம்ளர் டம்ளராக. ‘டக்’ என்று கைப்பிடி சற்று இறங்கிய கணத்தில் நிறுத்தி, வாளி, தண்ணீர், கயிறு எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். 14.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரைவின் நடுவிலிருந்து கயிறு வரை 42 சென்டிமீட்டர். 14.3 × 9.81 × 0.42 என்றால் 58.9 நியூட்டன் மீட்டர். இத்தோடு நிறுத்திவிடக் கூடாது, ரெஞ்சின் சொந்த எடையும் சேர்ந்துதான் இழுக்கிறது. ரெஞ்சை ஒரு மெல்லிய கம்பியின் மேல் வைத்து, எந்தப் பக்கமும் சாயாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். ரெஞ்ச் 1.3 கிலோ, அந்த இடம் டிரைவிலிருந்து 18 சென்டிமீட்டர் என்றால் 1.3 × 9.81 × 0.18, அதாவது 2.3. மொத்தம் 61.2. வைத்தது 60, வந்தது 61.2. பிசகு 2 சதவீதம். நல்ல ரெஞ்ச்.

எடையை மாற்றாமல் கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்தி ‘டக்’ வரும் இடத்தைத் தேடுவது சுலபமாயிற்றே என்று தோன்றும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த வகை ரெஞ்சுக்கு அது பொருந்தாது. உள்ளே தலைப்பகுதி ஒரு பின்னைச் சுற்றித் திரும்புகிறது, அந்தப் பின் டிரைவின் நேர் நடுவில் இல்லை, சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ரெஞ்ச் உண்மையில் உணர்வது அந்தப் பின்னைச் சுற்றிய முறுக்கைத்தான். பின் 3 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், 40 சென்டிமீட்டரில் இழுப்பதற்கும் 30-இல் இழுப்பதற்கும் நட்டில் விழும் அளவு கிட்டத்தட்ட 3 சதவீதம் மாறும். வேலை செய்யும்போதும் பிடியின் நடுவைத்தான் பிடிக்க வேண்டும் என்பதற்கும், கைப்பிடியில் குழாய் செருகி நீட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இதே சோதனையை ஐந்து தடவை செய்யுங்கள். பிறகு 110-இல் ஐந்து தடவை. அதற்கு 26 கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும், எடை போட்ட மணல் பையை முதலில் தொங்கவிட்டு மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். தொடங்கும் முன் அதிக அளவில் வைத்து நான்கைந்து தடவை இழுத்துவிட மறக்க வேண்டாம்.

இனி வந்த எண்களைப் பார்ப்போம். ஐந்து தடவையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்து, வைத்த அளவுக்கும் பக்கத்தில் இருந்தால், சொந்தக் காரின் வீல் நட்டுக்கு அந்த ரெஞ்ச் போதும். காலிபிரேஷன் செலவு தேவையில்லை என்றே சொல்வேன். நெருக்கமாக வருகிறது, ஆனால் எல்லாமே 8 சதவீதம் குறைவு என்றால், அதுதான் காலிபிரேஷனுக்கு அனுப்பத் தகுதியான ரெஞ்ச். ஒரே மாதிரி பிசகுகிற கருவியைத் திருகிச் சரிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு தடவை 55, அடுத்த தடவை 64, அப்புறம் 58 என்று சிதறினால் திருகிப் பயனில்லை. உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது ஒட்டிக்கொள்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் மாற்றி, உதிரிபாகம் கிடைத்தால் மாற்றி, அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். நீங்கள் வாங்கிய விலைக்கு அந்தச் செலவு தகாது. திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் ஒதுக்கிவையுங்கள்.

நாடா, தராசு, கயிற்றின் தடிமன் எல்லாம் சேர்ந்து இந்தச் சோதனையிலேயே இரண்டு மூன்று சதவீதம் பிசகு இருக்கும். ±4 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல இது உதவாது. கெட்டுப்போன ரெஞ்சைக் காட்டிக்கொடுக்க உதவும். நண்பரின் ரெஞ்சை வைத்து ஒரே நட்டில் மாற்றி மாற்றி இழுத்து ஒப்பிடுவது அதற்கும்கூட உதவாது. நின்றுவிட்ட நட்டை மறுபடி நகர்த்த, இறுக்கியபோது கொடுத்ததைவிட அதிக விசை வேண்டும். எது சரி என்பது கடைசிவரை தெரியாது.

உள்ளே இருக்கும் திருகைத் தொடலாமா

வேண்டாம். அந்தத் திருகு இருக்கிறது, திருப்பினால் அளவு நகரும், எல்லாம் உண்மைதான். ஆனால் 60-இல் சரிசெய்த ரெஞ்ச் 180-இல் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க உங்களிடம் கருவி இல்லை. பூட்டு நட்டைக் கழற்றும்போது அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் வெளியே பாயலாம், உள்ளிருக்கும் சின்னக் கட்டை இடம் மாறினால் மறுபடி பொருத்துவது சிரமம். இன்னொரு காரணமும் உண்டு. பணத்தைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், நீங்கள் திறந்து பார்த்த கணமே “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று சொல்ல விற்றவருக்கு வழி பிறந்துவிடும்.

விற்றவரிடம் என்ன கேட்கலாம்

தனிநபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு எவ்வளவு உரிமை என்பது நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பொறுத்தது. கடையில் வாங்கியதற்கு இருக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் இதற்கு இருக்காது. ஆனாலும் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. “காலிபிரேஷன் செய்தது” என்று எழுத்தில் சொல்லி விற்றிருக்கிறார், கொடுத்ததோ வேறு கருவியின் சான்றிதழ். பொருளைப் பற்றிச் சொன்னது பொருளோடு பொருந்தவில்லை என்ற வாதம் பல இடங்களில் செல்லும். அந்தச் செய்தியையும், ரெஞ்ச், சான்றிதழ் இரண்டிலும் உள்ள சீரியல் நம்பர் தெரியும்படியான படங்களையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு சண்டைத் தொனி இல்லாமல் எழுதிக் கேளுங்கள்: “இந்த நம்பருக்கான சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் ரெஞ்சைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, அல்லது காலிபிரேஷன் செலவில் பாதி தருவீர்களா?” பாதிச் செலவு என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறவர்கள் அதிகம். மாதங்கள் ஓடிவிட்டதால் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

பிளக் மரைக்கான செலவை அவரிடம் கேட்காதீர்கள். அளவுகோலுக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தியது நீங்கள். அதைச் சேர்த்துக் கேட்டால் நியாயமான மற்ற கோரிக்கையும் பலவீனமாகிவிடும்.

அனுப்புவதென்று முடிவெடுத்தால் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, அந்தக் கூடத்துக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 (சோதனை, காலிபிரேஷன் கூடங்களின் தகுதிக்கான தரநிலை) அங்கீகாரம் இருக்கிறதா என்பது. அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் எந்த அளவீடுகளுக்கு என்று தனிப் பட்டியல் உண்டு. எடைக்கற்களுக்கு அங்கீகாரம் பெற்ற இடம் முறுக்கு அளவுக்குப் பெறாமல் இருக்கலாம். பட்டியலில் முறுக்கு விசையும் 40 முதல் 200 வரையிலான அளவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வந்த நிலையில் அளந்த எண்களை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள், திருத்திய பிறகு அளந்தவற்றைத் தனியாக. நேரே திருத்திவிட்டு நல்ல எண்களை மட்டும் கொடுத்தால், இதுவரை இறுக்கிய நட்டுகளெல்லாம் எந்த நிலையில் இருந்தன என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். விற்றவரிடம் காட்டுவதற்கும் அந்த முதல் எண்கள்தான் சாட்சி.

மூன்றாவது, வழக்கமான மூன்று இடங்களோடு 110-யும் சேர்த்து அளக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தப்போவது அந்த அளவைத்தானே.

2017-இல் ஐ.எஸ்.ஓ. 6789 இரண்டு பாகமாகப் பிரிக்கப்பட்டது. முதல் பாகத்தின்படி அளந்தால் கருவி எல்லைக்குள் இருக்கிறதா என்று சொல்லும் இணக்கச் சான்று கிடைக்கும். இரண்டாம் பாகத்தின்படி அளந்தால் அளவீட்டின் ஐயம் வரை கணக்கிட்ட முழுக் காலிபிரேஷன் சான்று. முதலாவதில் வேலை குறைவு, கட்டணமும் பொதுவாகக் குறைவு. சொந்தக் காருக்கு அதுவே தாராளம். நண்பர்கள் தங்கள் வண்டிகளையும் உங்களிடம் கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யத் தொடங்கினால் முழுச் சான்றும், ஆண்டுக்கொரு முறை மறுசோதனையும், தேதி போட்ட பதிவும் வேண்டும். சக்கரம் கழன்ற வழக்கில் “வாளியைக் கட்டிப் பார்த்தேன்” என்ற பதில் எடுபடாது.

மச்சான் சொன்னதைப் பற்றி

அவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. நீங்கள் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடுகிறது. சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுவது மீதியுள்ள பத்துச் சதவீதம் மட்டுமே. அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு நிறைய மாறும். உலர்ந்த 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 110 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 46 கிலோநியூட்டன் பிடிப்பு கிடைக்கிறது என்று வைத்தால், அதே மரையில் எண்ணெய் தடவி அதே 110 கொடுத்தால் 61 வரை ஏறும். ரெஞ்சில் ஒரு சதவீதம்கூடப் பிசகு இல்லாமலேயே பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. கையேட்டில் எண்ணெய் தடவச் சொல்லாத மரைகளை உலர்வாகவும் சுத்தமாகவும் வைத்துக்கொள்வது, 4 சதவீதப் பிசகை 2 சதவீதமாக்கப் பணம் செலவழிப்பதைவிட அதிகப் பலன் தரும்.

கைப்பக்குவத்தில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. வருடக்கணக்காக ஒரே ஸ்பேனரை வைத்து ஒரே நட்டை இறுக்கும் மெக்கானிக்கின் கை நன்றாகவே பழகியிருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை சக்கரம் கழற்றுகிறவரின் கை அப்படிப் பழகாது. ஐந்து நட்டும் ஒரே அளவில் இறுக வேண்டும் என்பதும் கைக்குக் கஷ்டம்தான், முதல் நட்டுக்கும் ஐந்தாவது நட்டுக்கும் இடையில் கை களைத்துவிடும்.

இந்த வாரம் வீல் நட்டுகளைத் தளர்த்தி இறுக்கும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு தடவை பாருங்கள். அப்புறம் வாளிச் சோதனை. வேலை முடிந்ததும் ரெஞ்சை 40-க்கே கொண்டுவந்து வையுங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். சோதனையில் வந்த பத்து எண்களையும் தேதியோடு எழுதிப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். பின்னால் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், வந்த நிலையில் அவர்கள் அளந்த எண்களையும் உங்கள் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் அடுத்த வருடம் வாளியே போதும்.